எல்லாருக்கும் என்று அம்மா சொன்னாள்

நம்முடைய புது நன்மைப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறீர்கள். கோயில் மலருக்காக ஆளுக்கொரு பழைய நினைவு எழுதித் தரச் சொல்லியும் கேட்டிருக்கிறீர்கள். படத்துக்குக் கீழே ஒருவர் 'பொற்காலம்' என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொற்காலமாம். வெள்ளைப் பாவாடை, தலையில் முக்காடு, கையில் மெழுகுதிரி என்று கொடிமரத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கிறோம். திண்டுக்கல்லிலிருந்து வந்த போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தோம். அப்போது நம் காலடியில் மண் ஈரமாக இருந்தது. அது என்ன ஈரம் என்று உங்களில் பாதிப் பேருக்காவது தெரியும். தெரிந்தேதான் பொற்காலம் என்கிறீர்கள்.

எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

அந்தக் கோடை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடை மணலாகக் கிடந்தது. செம்பட்டி ரோட்டில் பஸ் போனால் புழுதி அடங்க நெடுநேரம் ஆகும். ஓட்டுக்கூரை போட்ட பள்ளிக்கூட அறையில், புது நன்மைக்கு, ஆண்டவராக மாறின அப்பத்தை முதன்முதலாக நாக்கில் வாங்குவதற்கு, நமக்கு ஞானோபதேசம் நடந்தது. வௌவால் எச்சத்தின் நெடி, வியர்வை, புதுத் துணியில் கஞ்சி வாடை. நமக்குப் பாடம் சொன்ன உபதேசியார் என் அப்பா. பூசை வைக்கும் சாமியார் பக்கத்துப் பங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். மற்றபடி ஊரில் கோயில் என்றால் அது அப்பாதான்.

அப்பா பழக்குவதற்காக அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்து ஒரு தட்டில் வைத்திருப்பார். நாம் மண்டி போட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்ட வேண்டும். ஒவ்வொரு நாக்கிலும் ஒரு துண்டு வைப்பார். பல்லில் படக்கூடாது. பட்டால் ஆண்டவருடைய ரத்தம் வாயெல்லாம் நிறையும், அது சாவான பாவம். கொஞ்ச நேரம் கழித்து, "வாயத் தொற" என்பார். கடித்திருக்கிறோமா என்று விரலை விட்டுக் கன்னத்தை ஒதுக்கிப் பார்ப்பார். அந்த விரலில் மூக்குப்பொடி வாசம் அடிக்கும். உங்களுக்கும் அடித்திருக்கும்.

ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். "அதெல்லாம் ரோமாபுரியிலேயே தளத்தியாச்சே, உபதேசியாரே. பிள்ளைக தண்ணி குடிக்கட்டும்" என்று சாமியார் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். சாமியார் போனதும் நம்மிடம் திரும்பி, "ரோமாபுரில வெயிலு கம்மி, அங்க என்னமும் செய்யட்டும். இங்க தண்ணி குடிச்சவளுக்கு நன்மை கெடையாது" என்றார். சட்டத்தைப் போட்டவனைவிட அதைக் காக்கிறவனுக்குத்தான் அதில் ருசி அதிகம். இது இப்போது புரிகிறது.

பூக்காரியை உங்களுக்கு மறந்திருக்காது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. நிலக்கோட்டை ரோட்டை ஒட்டி அவளுக்கு ஒரு துண்டு மல்லிகைத் தோட்டம் இருந்தது. அந்த வறட்சியிலும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி அந்தச் செடிகளைக் காப்பாற்றி வைத்திருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவர்கள் ஊர் அம்மனைக் கும்பிடுகிறவள். நம் கோயில் பீடத்துக்கும் வாராவாரம் அவள் பூதான். வாசலில் நின்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள், உள்ளே வந்ததில்லை.

புது நன்மை அன்று விடியவே கூடையோடு வந்தாள். நம் ஒவ்வொருவர் தலையிலும் முக்காட்டின் மேல் பூ வளையம் வைத்துப் பின் குத்தினாள். "கண்ணுபட்டுரும் தாயி" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அவள் விரல்களில் ஈரத்துணி வாசமும் மொட்டு வாசமும் கலந்திருந்தன. தாகத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தே குடித்துவிடலாம் போல இருந்தது.

அம்மா அவளிடம் சொன்னாள்: "இம்புட்டுப் பாடுபட்டுக் கட்டியிருக்க, பிள்ளைக நன்மை வாங்குறத இருந்து பாத்துட்டுத்தான் போயேன்."

"உள்ளயா? ஒண்ணும் சொல்ல மாட்டாகளாக்கா?"

"எம் பக்கத்துல உக்காரு. யாரு என்ன சொல்லப்போறா."

அவர்கள் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். எனக்கு நேர் பின்னால். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே அவள் கிசுகிசுப்பது எனக்குக் கேட்டது.

"பிள்ளைக வாயில என்னக்கா வைக்கப்போறாரு சாமி?"

"ஆண்டவரத்தான்."

"ஆண்டவரயா! யார் யாருக்கு?"

"எல்லாருக்கும்" என்றாள் அம்மா.

அம்மா எதையும் யோசித்துச் சொல்லவில்லை. பூசையில் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் பாடமாக வந்த சொல், அப்படியே வாயில் வந்தது.

முதலில் நாம் வாங்கினோம். பிறகு பெரியவர்கள் எழுந்து, பீடத்துக்கு முன்னால் இருந்த மரக் கிராதியில் வரிசையாக மண்டி போட்டார்கள். அம்மாவும் போனாள். அவளுக்குப் பக்கத்தில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்து பூக்காரியும் மண்டி போட்டாள். அப்பா, துணுக்கு எதுவும் கீழே விழாமல் ஒவ்வொரு முகவாய்க்குக் கீழும் வெண்கலத் தட்டைப் பிடித்துக்கொண்டு சாமியாரோடு வரிசையாக வந்தார். பூக்காரியைப் பார்த்ததும் தட்டு நின்றுவிட்டது. பூசை நடுவே அவர் பேசக்கூடாது. அதுவும் சட்டம். கண்ணால் சாமியாருக்குச் சைகை காட்டினார்.

சாமியார் வயசானவர், ஆனால் கண் நன்றாகத் தெரியும். அவளையும் தெரியும், வாராவாரம் அவள் பூவுக்கு நடுவில்தானே பூசை வைக்கிறார். செத்த நேரம் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வைத்திருந்தாள். நாக்கில் வைத்துவிட்டார். அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் நடந்ததைத்தான் நீங்கள் பொற்காலம் என்கிறீர்கள்.

நமக்குப் பன்னும் காப்பியும் தருவதற்காக வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். பூக்காரி கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோயில் நாட்டாமை வழியை மறித்தார். ஆண்கள் சுற்றிக்கொண்டார்கள். அப்பா அவள் முன்னால் வந்து நின்று, நம்மிடம் சொல்கிற அதே குரலில், "வாயத் தொற" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே திறந்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. நம் வாயையெல்லாம் அப்பா சோதிப்பதை அவள் எப்போதோ ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். தனக்கும் அந்த மரியாதை கிடைக்கிறது என்று நினைத்து, 'பாருங்க, கடிக்கல' என்பதுபோல ஆவென்று திறந்தாள்.

அப்பா விரலை உள்ளே விட்டார். கன்னத்தில், நாக்குக்கு அடியில், தொண்டை வரைக்கும். அவளுக்குக் குமட்டியது, கண் பிதுங்கியது. எச்சில் அப்பாவின் மணிக்கட்டு வரை வழிந்தது. அவள் தலையைப் பின்னால் இழுக்க, நாட்டாமை பிடரியைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. நம் அப்பாக்கள், சித்தப்பாக்கள், பெரியப்பாக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முழுங்கிட்டேன்யா" என்றாள் மூச்சு வாங்கியபடி. "நல்லபடியாத்தான் முழுங்குனேன். பல்லுல படல."

"கக்க வைங்க" என்றார் நாட்டாமை. யார் வீட்டிலிருந்தோ செம்பில் உப்புக் கரைத்து வந்தது. எவ்வளவு சீக்கிரம் வந்தது! நமக்குக் காப்பி வர அவ்வளவு நேரமானது. செம்பை அவள் பல்லில் முட்டினார்கள். பாதி நெஞ்சில் கொட்டியது, பாதி மூக்கில் ஏறியது. அவள் இருமி இருமிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். கூடை கவிழ்ந்தது.

அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து கத்தினாள்: "நாந்தான் இருக்கச் சொன்னேன்! அவள விடுங்க!" அம்மாவை நாலு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

சாமியார் பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். செம்பைத் தட்டிவிட்டார். அந்த உப்புத் தண்ணீர்தான் நம் படத்தில் காலடியில் இருக்கிற ஈரம்.

"குடுத்தவன் நானு" என்றார். "தெரிஞ்சுதான் குடுத்தேன். பாக்கணும்னா என் வாயத் தொறந்து பாருங்க."

அவர் தோளில் கிடந்த துணியாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அவ அஞ்ஞானி சாமி, ஞானஸ்நானம் வாங்காதவ" என்றார் அப்பா.

"மண்டி போட்டு வாயத் தொறந்துட்டா உபதேசியாரே. அதுக்கு மேல நீங்களும் நானும் என்ன செஞ்சுட்டோம்?"

அப்பா நேராக வீட்டுக்கு வந்து, தொட்டித் தண்ணீரில் அந்த விரலை ஒரு கிண்ணத்துக்குள் கழுவினார். ஆண்டவருடைய துணுக்கு ஒட்டியிருந்தால்? அந்தத் தண்ணீரை யாரும் மிதிக்காத சுவரோரத்தில் மெதுவாக, ஜெபம் சொல்லி ஊற்றினார். பிறகு சோப்பு எடுத்துப் போட்டு, தோல் சிவக்கும்வரை இன்னொரு தடவை கழுவினார். முதல் கழுவல் ஆண்டவருக்கு. இரண்டாவது அவள் எச்சிலுக்கு. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

மத்தியானம் கறிச்சோறு. புது நன்மை வாங்கின பிள்ளைக்கு அப்பா முதல் கவளம் ஊட்டுவது நம் வழக்கம். பிசைந்து உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார். சோப்பு வாசம், அதற்கடியில் பொடி வாசம். வாயில் வைத்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டேன்.

அப்பா முகம் வெளுத்துப்போனது. எனக்கு என்ன ஆயிற்றோ என்று அல்ல. காலையில் வாங்கின நன்மை அதில் வந்துவிட்டதோ என்று. ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு குந்தினார். நான் வாயைக்கூடத் துடைக்காமல் நின்றுகொண்டிருக்க, நான் எடுத்த வாந்தியைக் குச்சியால் விலக்கி விலக்கிப் பார்த்தார். காலையில் தின்ற பன்னைப் பார்த்து, "இதானா, இதானா" என்று முணுமுணுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அதைப் பார்த்தாள். என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டாள்.

அதற்கப்புறம் அப்பா கையால் எதுவும் என் தொண்டையில் இறங்கியதில்லை. கடைசிவரை.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நாட்டாமையும் அப்பாவும் வேன் பிடித்து மறைமாவட்ட ஆயரைப் பார்க்கப் போனார்கள். சாமியாரை மலைக்கு மாற்றினார்கள். அவர் கிளம்பிய அன்று ஊரில் ஒரு கதவு திறக்கவில்லை. அம்மா மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

"நான் எல்லாருக்கும்னு சொல்லிட்டேன் சாமி. அதுனாலதான் இம்புட்டும்" என்று அழுதாள்.

அவர் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். "தப்பாச் சொல்லலம்மா. பூசைல நானும் அதத்தான் இத்தன வருஷமாச் சொல்றேன். அவ வாயத் தொறந்தப்பத்தான் நானே அத நம்புனேன்" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். புதிதாக வந்த சாமியார் முதல் வேலையாகக் கிராதிக்குத் தீர்த்தம் தெளித்தார்.

நம் ஆட்களை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. ஆடியில் பூக்காரியின் ஊரில் அம்மனுக்கு முளைப்பாரி எடுத்தார்கள். வேதக்காரன் சாமியை முழுங்கினவள் பாரி தூக்கக்கூடாது என்று அவர்கள் கோயில் பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள். கோமியம் குடித்து வாயைச் சுத்தம் பண்ணிவிட்டு வரச் சொன்னார்களாம். கூட்டத்தில் எழுந்து அவள் கேட்டாளாம்: "அங்கிட்டு உப்புத் தண்ணி, இங்கிட்டு மாட்டு மூத்திரமா? எதுக்குய்யா ரெண்டு ஊரு ஆம்பளைகளுக்கும் என் வாயி மேலயே கண்ணு?" குடிக்கவில்லை. பாரியும் தூக்கவில்லை.

இரண்டு ஊரிலும் அவளிடம் பூ வாங்குவதை நிறுத்தினார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நிலக்கோட்டைச் சந்தைக்குப் போனாள். சந்தையில் பூவுக்கு மதம் கேட்பதில்லை. அங்கிருந்து வேன் ஏறி வந்த பூவைத்தான் நம் ஊர்க்காரர்கள் கடையில் வாங்கிப் பீடத்தில் வைத்தார்கள். அவர்கள் ஊர்க்காரர்கள் அம்மனுக்குச் சாத்தினார்கள். அதில் அவள் பறித்தது எத்தனை இருந்திருக்கும்? நினைத்தால் சிரிப்பு வரும்.

புது நன்மைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா நன்மை வாங்க எழவில்லை. உபதேசியார் பெண்டாட்டி! எல்லாரும் கிராதிக்குப் போக, அவள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வீட்டில் அப்பா குதித்தார்.

"வருசத்துல ஒருக்காவாச்சும் வாங்கலேன்னா சாவான பாவம். தெரியுமா தெரியாதா?"

"தெரியும். நீங்கதான் சொல்லிக்குடுத்தீக."

"பெறகு?"

"எல்லாருக்கும்னு சொல்லித்தான் அவள உக்கார வச்சேன். இல்லன்னு ஆக்கிட்டீக. எல்லாருக்கும் இல்லாதது எனக்கும் வேணாம்."

அவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் பூசைக்கு வந்தாள், ஜெபமாலை சொன்னாள், நன்மை மட்டும் வாங்கவில்லை. கர்வம் பிடித்தவள் என்று உங்கள் அம்மாக்கள் பேசினார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக்கூடச் சொன்னார்கள். பூசை முடிந்ததும் அம்மா ஓடையைத் தாண்டிப் பூக்காரி தோட்டத்துக்குப் போவாள். நானும் போயிருக்கிறேன். வரப்பில் உட்கார்ந்து இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் கம்பங்கூழ் குடிப்பார்கள். சாமியைப் பற்றி ஒரு பேச்சும் பேசமாட்டார்கள். வெயில், மாடு, யார் வீட்டில் என்ன வெஞ்சனம், இப்படித்தான்.

அம்மா படுத்த படுக்கையான பிறகு நான் திண்டுக்கல்லிலிருந்து வந்து கூட இருந்தேன். இப்போது இருக்கிற இளம் சாமியார், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயோடு, அவஸ்தை பூச வந்தார். நன்மை வைத்திருந்த நற்கருணைப் பெட்டியைத் திறந்தபோது அம்மா கேட்டாள்: "பூக்காரிக்கும் குடுப்பீகளா சாமி?"

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். சுருக்கமாகச் சொன்னேன். முகம் மாறியது. "அது... பெரியவங்களக் கேட்டுத்தாம்மா சொல்லணும்" என்றார். அம்மா லேசாகச் சிரித்து, வாயை மூடிக்கொண்டாள். நெற்றியில் எண்ணெய் மட்டும் பூசிவிட்டுப் போனார். மறுநாள் அம்மா போய்விட்டாள்.

அப்பாவுக்கு அப்போது எண்பத்தெட்டு. அம்மா போன துக்கத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. உங்களுக்கு நினைவிருக்கும், பல வருஷமாக நன்மை வாங்காத ஒரு தாத்தாவைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைக்க வைத்தவர் அவர்தான். தாத்தாவின் மகன் காலில் விழுந்தபோது, "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றவர். இப்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "சாமி எதும் கேட்டாரா? உங்கம்மா வாங்காதது பத்தி எதும் கேட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல நம்பவில்லை.

சாமியார் கேட்கவே இல்லை. கோயிலுக்குள் கொண்டுபோனோம், பூசை வைத்தார், சுவருக்குள்ளேயே குழி வெட்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். கூன் விழுந்த முதுகோடு பூக்காரியும் வந்தாள். ஒரு பந்து மல்லிகையைப் பெட்டியின் மேல் போட்டாள், பிறகு மண் அள்ளினாள். அப்பா சாமியார் காதில், "அது இந்துப் பொம்பள சாமி" என்றார்.

"இருக்கட்டும்யா. மண்ணுதானே" என்றார் அவர்.

மண் என்றால் பரவாயில்லை. அதுவரைக்கும் வந்திருக்கிறோம்.

வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு, உறவுக்காரர்கள் கொண்டுவந்த சோற்றை மேசையில் பரிமாறினோம். பயம் தெளிந்த அப்பாவுக்குக் குரல் திரும்பியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சட்டப்படி பாத்தா அவளுக்கு உள்ள எடம் கெடையாது. என் மொகத்துக்காகத்தான் சாமி ஒண்ணும் கேக்கல. அம்புட்டு வருசம் கோயிலுக்கு ஒழச்சிருக்கேன்ல."

கேட்டுக்கொண்டிருந்தவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கேட்காமல், தகுதி பார்க்காமல், இனாமாகக் கிடைத்ததைக்கூடக் கூலியாகத்தான் வாங்கத் தெரிந்தது அந்த மனிதருக்கு. எனக்குக் கையிலிருந்த ரசவாளியை அவர் மேல் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது.

பந்தலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் பூக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் வா என்று சொல்லவில்லை. வாளியை வைத்துவிட்டுப் போய், "சாப்டு போங்கத்தை" என்றேன்.

"சாப்டாம எங்க போறேன்? உங்கம்மா வீடு தாயி" என்று உள்ளே வந்தாள். காலியாக இருந்தது அப்பாவுக்கு மறுபக்கத்து நாற்காலிதான். அதில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தாள். அப்பா தன் இலையை இரண்டு கையாலும் பிடித்து, சோறு சிந்தாமல், மெல்ல அந்தப் பக்கம் இழுத்தார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நகராதீகய்யா" என்றாள். "எடம் அம்புட்டுக் கெடக்கு."